அத்தையின் மீன் பாஷை

நம் பள்ளிக்கூடத் தோழிகள் குரூப்பில் போன வாரம் நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். யுத்தம் யுத்தம் என்று டி.வி.யில் இத்தனை பேர் தொண்டை கிழியக் கத்துகிறார்களே, எல்லையில் நிற்கிற பிள்ளைகளுக்கு என்ன கொடுத்து அனுப்பினார்கள் என்று யாராவது கேட்டார்களா என்றேன். மாத்தூரில் மகன் வீட்டோடு இருக்கிறவள் உடனே கைகூப்புகிற படத்தைப் போட்டு, "இது கேள்வி கேட்கும் நேரமல்ல" என்றாள். இன்னொருத்தி கொடியை அனுப்பினாள். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் மாங்காய்ப் பத்தையெல்லாம் தின்றவள், நான் தேசத்துக்கே விரோதி என்கிற மாதிரி எழுதிவிட்டாள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. போனில் பதில் எழுதலாம் என்றால் கண்ணும் ஒத்துழைக்கவில்லை, விரலும் ஒத்துழைக்கவில்லை. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன், பேத்தி படம் எடுத்து அனுப்புவாள். நீளமாகத்தான் இருக்கும். எழுபதைத் தாண்டிய நமக்கு வேறென்ன வெட்டி முறிக்கிற வேலை இருக்கிறது? படியுங்கள்.

என் அத்தையை உங்களில் பாதிப் பேருக்கு நினைவிருக்கும். கல்மண்டபம் கடைத்தெருவில் அண்ணாச்சி மளிகைக் கடை வாசலில், வேப்ப மரத்தடியில், மீன் கூடையோடு குந்தியிருப்பாள். என் நைனாவுக்கு அக்கா. மாமா நான் பிறப்பதற்கு முன்பே கடலோடு போய்விட்டார். அவளுக்கு ஒரே பிள்ளை, எனக்கு அத்தான். என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு அலைக்குள் ஓடுவான், நான் அலற அலற இன்னும் உள்ளே போவான். அவனும் கட்டுமரம் ஏறிக் கடலுக்குப் போய்விடக் கூடாது என்று அத்தை ஒற்றைக் காலில் நின்றாள். அதனால் அவன் பட்டாளத்தில் சேர்ந்தான். கடலுக்குப் பயந்து பிள்ளையை ரயிலேற்றி இமயமலைக்கு அனுப்பினாள் என் அத்தை. யாரைச் சொல்லி என்ன?

ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றுகிற சமயத்தில் அத்தான் லீவில் வந்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டே பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னான். மலையில் குளிர் எலும்பைக் குடைகிறதாம். போட்டிருப்பது நம் ஊருக்குத் தைத்த உடுப்பும் கான்வாஸ் ஷூவும்தானாம். கம்பளி உடுப்பு வந்துகொண்டே இருக்கிறது என்று சொல்கிறார்களாம். சொல்லிவிட்டு அவன் இன்னொரு துண்டு மீன் போடச் சொன்னான். அத்தை போட்டாள். ஆனால் அந்தக் 'கம்பளி வந்துகொண்டே இருக்கிறது' அவள் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

ஐப்பசியில் சீனாக்காரனோடு சண்டை வந்துவிட்டது. நமக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கடையில் சாக்கு நனைந்த வாசனையும், மண்ணெண்ணெய் வாசனையும், மரத்தடியிலிருந்து வருகிற மீன் கவிச்சியும் ஒன்றாகக் கலந்திருக்கும். காலையில் அண்ணாச்சி பேப்பரை உரக்கப் படிப்பார். தெற்கத்திக்காரர். ராகம் போட்டுப் படிப்பார். டீக்கடைக்காரர், எதிர்க்கடை டெய்லர், கூடைக்காரப் பெண்கள் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்பேன். வீட்டில் தாளிக்க எண்ணெய்க்காக அம்மா காத்துக்கொண்டிருப்பாள்.

"இன்னா அண்ணாச்சி, இன்னிக்கு இன்னா சொல்றான் பேப்பர்காரன்?" என்பாள் அத்தை.

"நம்ம வீரர்கள் தீரத்தோட போராடுதாங்கன்னு போட்டிருக்கான் ஆத்தா."

"போராடட்டும். கம்பளி போச்சா?"

"அதப் போடலியே."

"பின்ன இன்னாத்துக்கு அம்மாம் பெரிய பேப்பரு?"

எல்லோரும் சிரிப்பார்கள். அத்தை சிரிக்க மாட்டாள். மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டே தில்லியில் ஆரம்பிப்பாள். பிரதமராக இருந்த பெரியவரிலிருந்து மந்திரிகள் வரை ஒருவரையும் விட மாட்டாள். "மய வரும்னு வானத்தப் பாத்தாலே தெரியுது. அப்ப கூரைக்கு ஓலை போடாத, பக்கத்து வூட்டுக்காரனோட கட்டிப் புடிச்சிகினு போட்டோ எடுத்துகினு இருந்தாங்க. இப்ப வூடு பூரா ஒயுவுது. ரேடியோல வந்து, 'மக்களே, தைரியமா நனைங்க'ன்றாங்க" என்பாள். கேட்கிறவர்களுக்கு உள்ளூர சந்தோஷம்தான். ஆனால் அக்கம்பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் கட்சிக்காரர் ஒருவர் யுத்த நிதிக்கு நகை கேட்டு வந்தார். கடைத்தெரு முனையில் மேடை போட்டு, மைக் வைத்து, மாலை போட்டு ஏகப்பட்ட அமர்க்களம். பேச்சு, பேச்சு, அப்படி ஒரு பேச்சு. பெண்கள் வரிசையாகப் போய் மோதிரமும் மூக்குத்தியும் போட்டார்கள். என் அம்மாகூட ஒரு வெள்ளி மெட்டியைக் கழற்றினாள். அத்தை மேடையேறினாள். காதிலிருந்த கம்மலில் ஒன்றை மட்டும் திருகிக் கழற்றித் தட்டில் போட்டாள். இன்னொன்று என்று அவர் கையை நீட்டினார். அத்தை மைக்குக்கு நேராகக் குனிந்து, "இத்த வித்துக் கம்பளி வாங்கி அனுப்பு தொரை. போய்ச் சேந்துச்சுன்னு சேதி சொல்லு, அடுத்தது தரேன்" என்றாள். தெரு முழுக்கக் கேட்டது. கூட்டம் விசிலடித்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வேர்த்துக் கொட்டியது.

அம்மாவுக்கு மானம் போயிற்று. "ஊர் பூரா குடுக்குது, இவ மட்டும் கணக்குப் பேசுறா, துப்பு கெட்டவ" என்று அன்றெல்லாம் முணுமுணுத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒற்றைக் கம்மலோடு திரிகிற அத்தையோடு தெருவில் நடக்கவே வெட்கமாக இருந்தது. அத்தையிடம் இருந்த தங்கமே அந்த ஒரு ஜோடிதான் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது. அந்த ஒற்றைக் கம்மல் பிற்பாடு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் நமக்கும் யுத்தம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? டீச்சர் ஆளுக்கு ஒரு பச்சை நூல் உருண்டையும் இரண்டு ஊசியும் கொடுத்து, ஜவான்களுக்கு மஃப்ளர் பின்னச் சொன்னாள். மெட்ராஸில் பிறந்த நாம் மஃப்ளரை எங்கே கண்டோம்? புழுக்கத்தில் அந்த நூல் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். டீச்சருக்கே பின்னல் அரைகுறை. வகுப்பில் பாதி குப்பத்துப் பிள்ளைகள். நம் கைக்குத் தெரிந்தது வலை முடிச்சுதான். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஊசியைத் தூர வைத்துவிட்டு, விரலை அளவு வைத்து, கண் கண்ணாக முடிச்சுப் போட்டு மளமளவென்று பின்னித் தள்ளினோம். வகுப்பிலேயே முதலில் முடித்தவர்கள் நாம்தான். தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் கரும்பலகை தெரிந்தது. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

என்னுடையதை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அத்தை பார்த்தாள். "இன்னாடி இது? எந்த மீனுக்கு?"

"மீனுக்கில்ல அத்தை, ஜவானுக்கு."

அத்தை சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பின்னலின் ஒரு கண்ணுக்குள் விரலை விட்டாள். விரல் அந்தப் பக்கம் வந்து நின்றது. சிரிப்பும் நின்றது.

"கவர்மெண்டு செய்ய வேண்டியத்த பச்சப் புள்ளைங்க கையில குடுத்துகீறாங்களே. இத்தப் போட்டுகினா எம்புள்ள குளிரு தாங்கப் போறான்?" என்றாள். அப்புறம் அதைப் பிரித்து, வலை ஊசியை எடுத்து, மழை விடாத அந்த மத்தியானம் முழுக்கத் தானே உட்கார்ந்து முடிச்சுக்கு மேல் முடிச்சாக நெருக்கிப் போட்டாள். முடிவில் அது கழுத்தில் சுற்ற முடியாத அளவுக்குக் கெட்டியாக, கால்மிதி மாதிரி ஆகிவிட்டது. அதையும் பள்ளிக்கூடத்தில் வாங்கிக்கொண்டார்கள். எந்தக் கழுத்துக்குப் போனதோ, அந்தப் புண்ணியவான் என்ன பாடுபட்டானோ.

இதற்கு நடுவில் டெய்லரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. டீக்கடை ரேடியோவில் மந்திரி பேசும்போது, "உதார் வுடுறாரு" என்று சொன்னாராம். யுத்த காலச் சட்டம், பிடித்தால் ஜாமீன் கிடையாது, எப்போது விடுவார்கள் என்றே சொல்ல முடியாது என்றார்கள். நல்ல வேளையாக மறுநாளே விட்டுவிட்டார்கள். ஆனால் திரும்பி வந்த டெய்லர் அதன் பிறகு பேசுவதென்றால் அளவு எடுக்கும்போது சொல்கிற இஞ்சுக் கணக்கு மட்டும்தான். அண்ணாச்சி அன்றே ஒரு அட்டையில் எழுதிக் கடையில் தொங்கவிட்டார்: 'யுத்த காலம். இங்கே அரசியல் பேசாதீர்கள்.'

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அரசியல்தான பேசக் கூடாது? மீனப் பத்திப் பேசலாமில்ல அண்ணாச்சி?"

"மீனப் பத்தி தாராளமாப் பேசு ஆத்தா. அதுக்கு எந்தச் சட்டமும் இல்ல."

அப்படிப் பிறந்ததுதான் மீன் பாஷை. தில்லிப் பெரியவர் வஞ்சிரம். விலையுயர்ந்தது, பளபளப்பு, நம் வீட்டுச் சட்டிக்கு வரவே வராது. வரி போடுகிற மந்திரி நண்டு. எந்தப் பக்கம் தொட்டாலும் பிடுங்கும். ரேடியோவில் வந்து முழங்குகிறவர் பேத்தை. தண்ணீரைவிட்டு வெளியே எடுத்தால் பேத்தை மீன் காற்றைக் குடித்துப் பந்து மாதிரி உப்பும், நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குழம்புக்கும் ஆகாது, கருவாட்டுக்கும் ஆகாது. நகை கேட்டு வந்த கட்சிக்காரர் சொறி மீன். அலையோடு வந்து ஒட்டிக்கொண்டு அரிப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போகும்.

"அண்ணாச்சி, பேத்தை நேத்து எப்பிடி?"

"நல்லா உப்பிச்சு ஆத்தா. வெடிச்சிரும்னே நெனச்சேன்."

"வஞ்சிரம் இன்னா சொல்லுது?"

"கவலப்படாதீங்கன்னு சொல்லுது."

"அதுக்கு இன்னா கவல? ஐஸ்ல கீது. எம்புள்ளையும் ஐஸ்லதான் கீறான்."

தெரு முழுக்க இந்தப் பாஷை பரவிவிட்டது. நாமெல்லாம் பாண்டி ஆடும்போது தோற்றவளைப் பேத்தை என்று கூப்பிட்டோமே, அது இங்கிருந்து வந்ததுதான். பேசாமல் இருக்கச் சொன்னால் பேசாமல் இருக்கிற ஊரா நம் ஊர்?

எங்கள் தெருவிலேயே ஒரு ஏட்டு குடியிருந்தார். தொப்பையும் மீசையுமாக, நல்ல மனுஷர். தினமும் அத்தையிடம்தான் மீன் வாங்குவார், பேரம் பேசிப் பேசியே உயிரை எடுப்பார். மீன் எப்படி ரேடியோவில் பேசும் என்று அவருக்குக் கொஞ்ச நாளாகவே குடைச்சல். ஒரு நாள் தானாகவே விஷயம் பிடிபட்டுவிட்டது. பெரிய சதியைத் துப்பறிந்துவிட்ட பெருமையில், மீசையை முறுக்கிக்கொண்டு மரத்தடிப் பக்கமே சுற்றினார்.

அன்றைக்கு அத்தைக்கு நேரம் சரியில்லை. நிஜமான வஞ்சிரம் ஒன்று, நல்ல பெரியது, முந்தின நாள் விற்காமல் நின்றுவிட்டது. மழையில் வாங்க ஆளில்லை, ஐஸும் கிடைக்கவில்லை. காலையில் கூடையைத் திறந்ததும் வாடை குப்பென்று வந்தது. அண்ணாச்சி கடைக்குள்ளிருந்து, "ஆத்தா, இன்னைக்கு வஞ்சிரம் எப்படி?" என்றார். நிஜமாகவே குழம்புக்குத்தான் கேட்டார்.

அத்தை வயிற்றெரிச்சலில் கத்தினாள். "வஞ்சிரமா? நாறிப் போச்சு அண்ணாச்சி! தலைலேர்ந்து வாலு வரிக்கும் நாறிப் போச்சு! இன்னிக்கே வெட்டி உப்புல போட்டாத்தான் உண்டு!"

ஏட்டு பாய்ந்து வந்தார். "வெட்டிடுவியா? யார வெட்டிடுவ? நடமே ஸ்டேஷனுக்கு!"

"இன்னா ஏட்டய்யா, காலங்காத்தால? மீன வெட்டாத முழுசாவா உப்புல போடுவாங்க?"

"உன் மீனு எந்த மீனுன்னு எனுக்குத் தெரியும்! தூக்கு கூடைய!"

நைனா கடலுக்குப் போயிருந்தார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். எனக்கு டெய்லர் ஞாபகம் வந்தது. அத்தையை உள்ளே போட்டுவிட்டால், அத்தானைப் பற்றித் தகவல் ஏதும் வந்தால்கூட யார் வாங்கிக்கொள்வார்கள் என்று அம்மா அழுதுகொண்டே வந்தாள். அண்ணாச்சி கடையை அப்படியே போட்டுவிட்டு எங்களோடு வந்தார். அட்டை தொங்கவிட்டதற்காகப் பயந்தாங்கொள்ளி என்று தெருவே கேலி செய்த மனுஷர், கல்லாவைக்கூடப் பூட்டவில்லை.

இன்ஸ்பெக்டர் ஊருக்குப் புதிது. கோயமுத்தூர்ப் பக்கம். மீன் சாப்பிடாதவர் என்பது கூடையைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

"என்னய்யா இது?"

"சாட்சி சார்."

"மீனுய்யா இது."

"மீனுதான் சார். ஆனா மீனு இல்ல சார். வஞ்சிரத்த வெட்டி உப்புல போடணும்னு நடு ரோட்டுல கத்துறா சார்."

"மீனை வெட்டித்தானேய்யா உப்புல போடோணும்?"

"இவங்க பாஷைல வஞ்சிரம்னா வேற ஆளு சார்."

"யாரு?"

 ஏட்டு சுவரில் மாட்டியிருந்த தில்லிப் பெரியவர் படத்தைப் பார்த்தார். மோவாயால் ஒரு சின்ன ஜாடை காட்டினார். இன்ஸ்பெக்டரும் படத்தைப் பார்த்தார், திரும்பக் கூடையைப் பார்த்தார்.

"அவரை மீனுங்கிறயா நீ?"

"ஐயோ, நான் சொல்லல சார்! அவ சொல்றா சார்!"

"அந்தம்மா வஞ்சிரம்னு மட்டும்தானே சொல்லுச்சு? அது அவருதான்னு இப்ப ஸ்டேஷன்ல வெச்சுச் சொன்னது யாரு?"

ஏட்டுக்கு மீசை தொங்கிவிட்டது. மழைக்காக ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. சாட்சி தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஏம்மா, இது இப்படி நாறுதே?"

"அத்தத்தான் சார் நானும் ரோட்டுல சொன்னேன். அதுக்குத்தான் இஸ்துகினு வந்தாரு."

அண்ணாச்சிக்கு அடக்க முடியாமல் இருமல் வந்தது. இன்ஸ்பெக்டர் முகத்தில்கூட ஏதோ ஒன்று அசைந்தது. ஆனால் உடனே சமாளித்துக்கொண்டு, கடுமையாகவே கேட்டார். "இதோ பாரும்மா. மீனப் பத்தித்தான் பேசினேன், அரசாங்கத்தப் பத்தி நான் எதுவும் பேசினதில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. வீட்டுக்குப் போயிரலாம்."

அண்ணாச்சி பின்னாலிருந்து சொல்லு சொல்லு என்று தலையை ஆட்டினார். அம்மா அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னிக்கு மீனப் பத்திதான் சார் பேசினேன்" என்றாள் அத்தை. "மத்த நாளெல்லாம் அவங்களப் பத்திதான் பேசினேன். எதுக்குப் பீலா வுடணும்?"

அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் பேசறே? யுத்த காலம்னு தெரியாதா?"

"எம்புள்ள அங்க மலைல கீறான் சார். பட்டாளத்துல. ஆடி மாசம் வந்தப்ப கம்பளி வந்துகினே கீதுன்னான். வந்து சேந்துச்சான்னு அண்ணாச்சியாண்ட கேட்டேன், பேப்பர்ல இல்லன்னாரு. மேடைல கேட்டேன், அந்தாளு வேர்த்து வயிஞ்சாரு. போச்சுன்னு யாரானா ஒருத்தர் சொல்லிட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன், சத்தியமா. நீங்க கவர்மெண்டு ஆளு. உங்களுக்குத் தெரியுமா சார்? போச்சா?"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டார்.  "எனக்குத் தெரியாதும்மா" என்றார். பிறகு ஏட்டின் பக்கம் திரும்பி, "அந்தக் கூடைய அவங்க தலையில எடுத்து வையி" என்றார்.

சாயங்காலம் கரையேறி வந்த நைனா, விஷயம் கேட்டுக் குதித்தார். "உன்னால எங்க எல்லாருக்கும் பேஜாரு! உன் வாயத் தெச்சாத்தான் சரிப்படுவ!" என்று கத்திவிட்டு, அத்தையோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நைனா செய்ததுதான் நியாயம் என்று அப்போது எனக்குத் தோன்றியது. கத்திவிட்டு அவர் தெருக் கதவைத் தாழ் போட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்த்ததை நான் பார்த்திருந்தேன். கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அது பயம். அக்கா புருஷனைக் கடலில் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பியவர் அவர். அக்காவையும் ஜெயிலுக்குக் கொடுக்க அவருக்குத் தெம்பில்லை. இப்போது நினைத்தால் நைனாவை நினைத்தும் அழுகை வருகிறது.

கார்த்திகையில் சண்டை நின்றுவிட்டதாகப் பேப்பரில் போட்டார்கள். அண்ணாச்சி படித்தார். அத்தை ஒன்றும் கேட்கவில்லை. பட்டாளத்துக்குப் போன மற்ற வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து கார்டு வந்தது. அத்தானிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அத்தை மீன் விற்றாள், செதில் சீவினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவ்வளவுதான். அந்த வாய் அடைத்துப்போனதைத் தெருவால் தாங்க முடியவில்லை. அண்ணாச்சி தானாகவே அட்டையைக் கழற்றி எறிந்தார். "பேத்தை நேத்து மறுபடியும் உப்பிச்சு ஆத்தா" என்று சும்மா சீண்டிப் பார்ப்பார். "மீனு வோணுமா வேணாமா?" என்பாள் அத்தை, தலை நிமிராமல். துப்பு கெட்டவள் என்று திட்டிய என் அம்மாவே, "ரெண்டு வார்த்தை யாரையானா திட்டேன்க்கா" என்று கெஞ்சினாள்.

தகவல் கொண்டுவந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஏட்டுதான். யாரும் சொல்லாமலே, காக்கி உடுப்பைக் கஞ்சி போட்டுத் தேய்த்து மாட்டிக்கொண்டு, கோட்டைப் பக்கம் பட்டாளத்து ஆபீஸுக்கு நடையாக நடந்திருக்கிறார். இன்ஸ்பெக்டர்தான் அனுப்பினார் என்று பிற்பாடு ஒரு பேச்சு உண்டு, நிஜமா என்று தெரியாது. ஒரு நாள் காலை தெருமுனையிலேயே தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். "உயிரோட கீறான்! ஆஸ்பத்திரில கீறான்! உயிரோட கீறான்மே!" தொப்பையோடு அவர் ஓடி வந்ததைப் பார்த்து நாங்கள் சிரித்தோம், சிரிக்கும்போதே எல்லோரும் அழுதோம்.

அத்தை கையிலிருந்த மீனை இரண்டு பக்கமும் செதில் சீவி முடித்தாள். பிறகு எழுந்து, மொத்தக் கூடையையும் தூக்கி ஏட்டின் கையில் கொடுத்தாள். அன்றைக்கு அவர் பேரம் பேசவில்லை.

பங்குனி வெயிலில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. அத்தான் இறங்கினான். கம்பு ஊன்றி இறங்கினான். பாதி ஆளாக இருந்தான். வலது காலில் ஷூவின் முன்பக்கம் சப்பையாக மடங்கியிருந்தது.

"கால்ல இன்னா அத்தான்?" என்றேன்.

"பனி கடிச்சிடுச்சு."

"பனிக்குப் பல்லு கீதா?"

சிரித்து என் தலையில் குட்டினான். நமக்குச் சுறா கடிக்கும் என்று தெரியும், நண்டு கடிக்கும் என்று தெரியும். பனி எப்படிக் கடிக்கும் என்று வெகு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அத்தை அவனை வாசலில் உட்கார வைத்து, ஷூவைக் கழற்றி, காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். விரல்கள் இருந்த இடத்தைப் பார்த்தாள். வெந்நீர் கேட்டாள். அம்மா கொண்டு வந்தாள். சுற்றிலும் அண்ணாச்சி, ஏட்டு, டெய்லர், தெருவே நின்றது. நைனாவும் வந்திருந்தார். இத்தனை மாதம் பேசாத மனுஷருக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, "உங்கம்மா இன்னா பண்ணா தெரியுமாடா? கவர்மெண்டப் பேசிப்புட்டு ஸ்டேஷன் வரிக்கும் போய்ட்டு வந்தா" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அத்தான் முகம் மாறிவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே முதுகை நிமிர்த்திக்கொண்டான்.

"அப்பிடியெல்லாம் பேசக் கூடாதும்மா. மேலிடத்துல இன்னா சொல்றாங்களோ அத்தச் செய்யணும், அவ்ளோதான். ஏன், எதுக்குன்னு நாங்க கேக்க மாட்டோம். எங்க பசங்க ஒருத்தன்கூட கேக்கல. பனில நின்னவனும் கேக்கல, செத்தவனும் கேக்கல."

அத்தை வெந்நீரை ஊற்றிக் காலைக் கழுவினாள். தன் முந்தானையால் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். துடைத்து முடித்தும் கையை அங்கிருந்து எடுக்கவில்லை.

"நீ கேக்காத, கண்ணு" என்றாள். "நீ சோல்ஜரு. உனுக்கு மேலிடம் கீது. நான் உன்னப் பெத்தவ. எனுக்கு யாருடா மேலிடம்?"